ஒன்பது நிமிஷம்

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் சலூன்.
இரண்டு நாற்காலி. ஒன்றுதான் சுழலும்.
சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு
சுழலாத நாற்காலிக்குத்தான் போட்டி:
அதிலிருந்து டிவி நேராகத் தெரியும்,
மற்றதில் கண்ணாடிக்குள்
கப்பல் இடம் வலம் மாறிப் பறக்கும்.

பதினோரு வருஷம் பார்த்தோம் ‘விண்நங்கூரம்’.
நானூறு பேரைத் தூங்கவைத்துக்கொண்டு
இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கிரகத்துக்குப்
போய்க்கொண்டே இருந்த கப்பல்.
தமிழ் ஒரு பக்கம் போகும், உதடு ஒரு பக்கம் போகும்.
மூன்றாம் வருஷம் தளபதிக்குக் குரல் மாறியது;
ஒரு மாதம் அவரை நாங்கள் நம்பவில்லை.

பெக்டரியில் டிரையர் பார்க்கும் அருளாநந்தன்
எஞ்சின் சத்தம் கேட்டதுமே
“பேரிங் போயிருச்சு” என்பான்.
மருந்துக்கடை ரிஸ்மி,
சூரியனே இல்லாத இடத்தில்
நோன்பு திறப்பது எப்போது என்று
ஒவ்வொரு ரமழானும் கேட்பான்.
ஜெஸிந்தா டீச்சர் வாசலோடு நிற்பார்,
குடையை மடக்காமல்,
மகனுக்கு முடி வெட்டுவதற்காக.
வாராவாரம் வெட்டினேன்.
அந்தப் பையனின் தலையில்
வெட்ட ஒன்றுமே இருந்ததில்லை.

நாலாம் வருஷக் கடைசியில்
மெக்கானிக் இலோரா வெளியே மாட்டிக்கொண்டாள்.
கயிறு அறுந்தது. சிலிண்டரில் ஒன்பது நிமிஷக் காற்று.
தளபதியின் கை கதவுப் பிடியில்.
திறந்தால் உள்ளே தூங்குகிறவர்கள் செத்துப்போவார்கள்.
கரண்ட் போனது.
நோர்வுட் பக்கம் கம்பியில் மரம் விழுந்ததாம்.
வெளிச்சம் வந்தபோது
ஒருத்தி சவர்க்காரம் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் இலோரா இருந்தாள்,
இடது கையில் கட்டோடு.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுஒளிபரப்பும் இல்லை.
ஏழு வருஷம் சண்டை போட்டோம்.
திறந்தார் என்றான் ரிஸ்மி.
திறக்கவேமாட்டார், துரைமார் திறந்ததாகச் சரித்திரமே இல்லை
என்றான் அருளாநந்தன்.

கடைசி ராத்திரி டீச்சர் தனியாக வந்தார்.
பையன் கொழும்பில், ஏதோ கம்பெனியில்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
சுழலாத நாற்காலியைக் காட்டினோம், உட்கார்ந்தார்.
சந்தனத்துக்குப் பாதிக் கன்னம் வழித்திருந்தேன்,
தொடக்க இசை வந்தது,
கத்தியை வைத்துவிட்டேன்.

கப்பல் இறங்கியது.
கதவுப் பக்கம் தளபதி, கிழவராகி.
“அன்றைக்கு நீங்கள் திறக்கவில்லை” என்றாள் இலோரா.
சொன்ன உடனே
படம் பின்னால் போனது.

டேம் வற்றும் வருஷங்களில்
பழைய டவுன் கோயில் சேற்றோடு மேலே வரும்,
போய்த் தொட்டுப் பார்ப்போம்.
அப்படி வந்தது அந்த ஒன்பது நிமிஷம்.

அவர் பிடியை இறுக்கிக்கொண்டு நின்றார், அழுதார், திறக்கவில்லை.
அவள் கப்பலின் முதுகில் கைமாற்றிக் கைமாற்றி
குப்பை தள்ளும் துவாரம் வரை ஊர்ந்தாள்.
உள்ளே இருந்து அதைத் திறந்தவன் சமையல்காரன்.
பதினோரு வருஷத்தில் நாலு வசனம் பேசியவன்.
எங்கள் யார் கணக்கிலும் அவன் இல்லை.

“ஒரு கேள்விக்காவது பதில் வந்திருச்சு” என்றார் டீச்சர்.
வீட்டு உறுதி, பாதிப் பாலம்,
அடிக்கல்லோடு நிற்கும் ஆஸ்பத்திரி,
எதையும் அவர் சொல்லவில்லை.

பிறகு தளபதி விலகி நின்றார்.
இலோராதான் பிடியைத் திருகினாள்.
கிரகத்தை அவர்கள் காட்டவே இல்லை.
அவள் முகம் மட்டும்.
நெற்றியில் ஒரு கற்றை முடி
அசைந்தது.

பதினோரு வருஷம் அந்தக் கப்பலில்
யார் முடியும் அசைந்ததில்லை.
என் தொழில் அது, எனக்குத் தெரியும்.
“காத்து இருக்கு” என்றேன்,
என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

சவர்க்கார விளம்பரம் வந்தது.
ஒவ்வொருவராய்ச் சொல்லாமல் எழுந்து போனார்கள்.
ரிஸ்மி மட்டும் வாசலில் நின்று
“சமையல்காரன்” என்றான், இன்னொரு முறை சொன்னான்.

பஸ் நிலையம் வரை போன சந்தனம்
ஒரு கன்னத்தில் மட்டும் குளிர் அடித்துத் திரும்பி வந்தான்.
“முடிச்சு விட்டுருங்கண்ணே.”
சுழலும் நாற்காலியைத் திருப்பினேன்.
தண்ணீர் ஆறிப்போயிருந்தது.